மலைப்பாம்பும் ஒன்பது விநாடியும்

என் மேல் ஒரு குற்ற அறிக்கை எழுதினார்கள். மூன்று பக்கம். அதில் எனக்கு முழுசாகப் புரிந்தது ஒரே ஒரு வரி: "பயிற்சியளித்தவரின் தூக்கும் முறையில் இருந்த குறைபாடே விபத்துக்குக் காரணம்." பயிற்சியளித்தவர் நான். பயிற்சி பெற்றது ஓர் இயந்திரம். விபத்து நடந்தது ஏழாம் கட்டிலில் படுத்திருக்கும் லாரிக்காரனின் வலது தோளுக்கு. கீழே கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டால் ஓய்வு பெறும்வரை என் வேலையை யாரும் தொடமாட்டார்கள். போடாவிட்டால் மாதக் கடைசியில் வீட்டுக்குப் போகலாம்.

நான் கோபக்காரி. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கல்யாணமான புதிதில் என் மாமியாரே "இவ வாயில விழுறதுக்குக் கிணத்துல விழலாம்" என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தாள். கடைசிவரை அவளைத் தூக்கிக் குளிப்பாட்டியதும் நான்தான், அது வேறு விஷயம்.

எங்களுடையது நடக்க முடியாதவர்களின் வார்டு. இருபத்திரண்டு கட்டில். முதுகெலும்பு உடைந்தவர்கள், மூளையில் ரத்தக்குழாய் வெடித்தவர்கள், நரம்பு செத்தவர்கள். பத்து நாளில் பூச்செண்டோடு வீட்டுக்குப் போகிற ஆள் ஒருவரும் கிடையாது. என் பதவியின் பெயர் 'நோயாளர் பராமரிப்பு உதவியாளர்'. கூப்பிடுவது ஆயா. லாரிக்காரன் மட்டும் கிரேன் அக்கா என்பான். கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து குளியல் மேடைக்கு, அங்கிருந்து மறுபடி கட்டிலுக்கு என்று என் பங்குக்கு மட்டும் ஒரு நாளைக்கு நாற்பது தடவை தூக்குவேன். பத்தொன்பது வருஷத்தில் ஒருவரையும் கீழே போட்டதில்லை. ஒருவருக்கும் படுக்கைப் புண் வரவிட்டதில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொன்னால் பொய். பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

அந்தப் பெருமையே வினையாகிவிட்டது. ஆட்களைத் தூக்கும் இயந்திரம் செய்கிற கம்பெனியிலிருந்து வந்து, நன்றாகத் தூக்கத் தெரிந்த ஒருவரைக் காட்டுங்கள், அவரைப் பார்த்து இயந்திரம் கற்றுக்கொள்ளும் என்றார்கள். எல்லோரும் என் பக்கம் கையைக் காட்டினார்கள். மறுநாள் கழுத்திலிருந்து கணுக்கால்வரை இறுக்கிப் பிடிக்கும் கறுப்பு உடை ஒன்றை என் தலையில் கட்டினார்கள். உடை முழுக்கப் பொத்தான் பொத்தானாக உணரிகள். நான் எங்கே குனிகிறேன், எந்தக் கையில் எவ்வளவு பாரம் தாங்குகிறேன், எல்லாம் கணினிக்குப் போகுமாம். தொண்ணூறு நாள் அதைப் போட்டுக்கொண்டுதான் வேலை பார்த்தேன். வேர்வையில் ஊறிப்போனேன்.

"என்னக்கா, கடலுக்கடியில முத்து எடுக்கப் போறீங்களா?" என்று கேட்டான் லாரிக்காரன், முதல் நாள்.

"உன்னை எடுத்துக் கடல்ல போடப் போறேன்" என்றேன்.

பிறகு இயந்திரம் வந்தது. இரும்பில் பூதம் மாதிரி ஏதோ வரப்போகிறது என்று நினைத்திருந்தேன். வந்ததோ ரப்பர். கூரையில் தண்டவாளம் அமைத்து, அதிலிருந்து இரண்டு சாம்பல் நிறக் கைகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். உள்ளே எலும்பு கிடையாது, காற்றுதான். காற்று ஏற ஏற நீளும், வளையும், ஆளுக்குத் தகுந்தபடி சுற்றிக்கொள்ளும். அதற்கு வார்டு வைத்த பெயர் மலைப்பாம்பு. தொட்டுப் பார்த்தேன், வெந்நீர்ப் பை மாதிரி இருந்தது. என் கை என்னதான் பழகிய கையாக இருந்தாலும் மணிக்கட்டு எலும்பு நோயாளியின் முதுகில் உறுத்தும். மலைப்பாம்பு உறுத்தாது. எனக்கு இடுப்பில் இரண்டு தட்டு தேய்ந்து போயிருக்கிறது. காலையில் எழுந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் குளியலறைக்குப் போவேன். மகராசி, நீ நன்றாக இரு என்று அதைத் தட்டிக்கொடுத்தேன். பொறாமை வரவில்லை. இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பிறகு ஆஸ்பத்திரி நிர்வாகி நான் இயந்திரத்துக்கு எதிரி என்று சொன்னார்.

அது வேலைக்கு வந்து பதினாறாவது நாள் விபத்து நடந்தது. யாரை எப்போது தூக்குவது என்பதை அதுவே தீர்மானிக்கும். காலை ஒன்பது மணி. நான் வார்டின் அந்தக் கோடியில் மூன்றாம் கட்டிலின் விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தேன். லாரிக்காரன் இருமிக்கொண்டிருந்தான். அவனுக்குக் கழுத்துக்குக் கீழே அசைவு கிடையாது, தோளில் மட்டும் உணர்ச்சி மிச்சம் இருக்கிறது. இருமலின் நடுவே மலைப்பாம்பு வந்து அவனுக்கு அடியில் புகுந்து தூக்கிவிட்டது. உடம்பு திடுக்கிட்டு விறைத்து இழுத்தது. வலது கை கட்டிலின் கம்பியில் மாட்டிக்கொண்டது. தோள் மூட்டு கழன்ற சத்தம் எனக்கு அந்தக் கோடிவரை கேட்டது. அவன் கத்திய கெட்ட வார்த்தையை எழுத முடியாது.

நான்காம் நாள் அந்த மூன்று பக்கக் காகிதம் என் கைக்கு வந்தது.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரரிடம் காட்டினேன். அவர் பஸ் டிப்போவில் மெக்கானிக். சோப்புத்தூள் போட்டு விரலிடுக்குக் கிரீஸைத் தேய்த்துக்கொண்டே, நான் பிடித்துக் காட்டிய மூன்று பக்கத்தையும் படித்தார்.

"நான் அப்பவே சொன்னேன். வேலியில போற ஓணானை எடுத்துக் காதுல விட்டுக்கிட்டுக் குடையுதே குடையுதேன்னா யாரு என்ன பண்றது?"

"ஓணானை நானா எடுத்தேன்? அவங்கதானே கொண்டாந்து விட்டாங்க."

"சரி விடு. ஒரு கையெழுத்துதானே? போட்டுட்டு வா. ஊர் பூரா போஸ்டரா ஒட்டப் போறாங்க? ஃபைல்ல கிடக்கும், கரையான் திங்கும்."

"நீங்க பிரேக் பாத்து அனுப்புன பஸ் போய் மோதிடுச்சு. பிரேக்குலதான் குறைன்னு உங்களைக் கையெழுத்துப் போடச் சொன்னா போட்டுருவீங்களா?"

தேய்ப்பதை நிறுத்தினார். "அதெப்படி? பிரேக்கைக் கழட்டிக் காட்டுன்னு கேப்பேன். என் கண்ணால பாத்துட்டுத்தான் மத்த பேச்சு."

முப்பது வருஷக் குடித்தனத்தில் அந்த மனுஷர் சொன்ன உருப்படியான யோசனை அது. தெரியாமல் சொல்லிவிட்டு, சாதம் வெந்துவிட்டதா என்று கேட்டார்.

மறுநாள் காலையில் பொறியாளரின் அறைக்குப் போனேன். அடித்தளத்தில், ஆக்சிஜன் சிலிண்டர் அடுக்கும் அறைக்குப் பக்கத்தில் அவளுக்கு ஒரு மேஜை கொடுத்திருந்தார்கள். கம்பெனிக்காரிதான், ஆனால் இந்த ஆறு மாதமும் எங்களோடேயே கிடந்தவள். எப்போது பார்த்தாலும் நகத்தைக் கடித்துக்கொண்டிருப்பாள்.

"என் முறையில குறைன்னு எழுதியிருக்கீங்களே, அந்த முறையைக் காட்டும்மா. பாக்கணும்" என்றேன்.

திரையில் பச்சைக் கோடுகளால் ஆன ஒரு பொம்மை வந்தது. "இதுதான் நீங்க" என்றாள். பொம்மை குனிந்தது, தூக்கியது, திரும்பியது, கிடத்தியது. உடனே அடுத்தது. குனிந்தது, தூக்கியது, திரும்பியது. கல்லுடைக்கிற வேகத்தில் போய்க்கொண்டே இருந்தது.

"இது நானில்ல."

"உங்க டேட்டாதான்கா. பாருங்க, இடது தோள் கொஞ்சம் தாழ்ந்து வருது. இதைத்தான் குறைன்னு..."

"தோள் என் தோள்தான். தேஞ்ச இடுப்புக்காரி அப்படித்தான் குனிவா. ஆனா நான் கேக்கவே இல்லையே இதுல?"

"என்ன கேக்கல?"

"தூக்கட்டுமான்னு."

அவளுக்குப் புரியவில்லை. நான் அவளுடைய நாற்காலிக்குப் பின்னால் போய், தோளில் கையை வைத்துச் செய்து காட்டினேன். நான் யாரையும் எடுத்த எடுப்பில் தூக்கமாட்டேன். தோளில் கை வைப்பேன். தூக்கட்டுமா என்று கேட்பேன். பதில் வரும்வரை நிற்பேன். பேசத் தெரிந்தவர்கள் 'ம்' என்பார்கள். பன்னிரண்டாம் கட்டில் அம்மாவுக்குப் பேச்சு இல்லை, இரண்டு தடவை கண்ணைச் சிமிட்டுவாள். நான்காம் கட்டிலில் இருப்பவருக்கு அதுவும் முடியாது. அவர் மூச்சை மெல்ல வெளியே விடும்போது உடம்பு தளரும், அதுதான் அவருடைய 'ம்'. அது வந்த பிறகுதான் என் கை முதுகுக்கு அடியில் போகும். முதுகெலும்பு உடைந்த உடம்பு சொல்லாமல் தொட்டால் திடுக்கிட்டுக் கட்டையாக விறைக்கும், வெட்டி இழுக்கும். சொல்லிவிட்டுத் தொட்டால் இளகிக் கொடுக்கும். இதை எனக்கு எந்த டாக்டரும் கற்றுத்தரவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் இழுப்பு வந்த ஒருவரின் முழங்கை பட்டுக் கடைவாய்ப் பல் ஒன்று போன பிறகு நானாகத் தெரிந்துகொண்டேன்.

பொறியாளர் நகம் கடிப்பதை நிறுத்தினாள்.

"ஒவ்வொரு தடவையும் ஆரம்பத்துல ஒரு ஒம்போது விநாடி அசைவே இல்லாம நிப்பீங்கக்கா. சராசரியா ஒம்போது. அது... வேலை எதுவும் நடக்காத நேரம்னு வெட்டிட்டோம். வெட்டினாதான் மெஷின் சீக்கிரம் கத்துக்கும்."

"நான் கேக்கற குரலு?"

"உடையில மைக் கிடையாது. அசைவு மட்டும்தான் பதிவாகும்."

"யாரு வெட்டுனது?"

திரையில் ஓடிக்கொண்டிருந்த பொம்மையை நிறுத்தினாள். "நான்தான்" என்றாள்.

மனக்கணக்குப் போட்டுப் பார்த்தேன். தொண்ணூறு நாள், நாளைக்கு நாற்பது தடவை, தடவைக்கு ஒன்பது விநாடி. மொத்தம் ஒன்பது மணி நேரம். என் வேலையில் எது வேலையோ அந்த ஒன்பது மணி நேரத்தை, தேங்காயை எறிந்துவிட்டு நாரை மூட்டை கட்டுகிறவன் மாதிரி, கத்தரித்துக் குப்பையில் போட்டிருக்கிறார்கள். மிச்சத்தைக் கற்றுக்கொண்ட இயந்திரம் லாரிக்காரனின் தோளை இறக்கியிருக்கிறது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவர்கள் கூடத்துக்குப் பதிலாக என்னைக் கோணல் என்கிறார்கள். எனக்கு அழுகை வந்தது. கோபம் எல்லை மீறினால் எனக்கு அழுகைதான் வரும், யாரும் அதைத் தோல்வி என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

"நான் சொல்லிப் பாத்தேன்கா, மெஷின்ல ஏதோ விட்டுப்போச்சுன்னு" என்றாள் அவள். "இன்னும் இருபது ஆஸ்பத்திரிக்கு இது போகப் போகுது. மெஷின்ல குறைன்னா அத்தனையும் நிக்கும். ஆள்ல குறைன்னா ஆளை மாத்தினாப் போதும். அதான் உங்க கையெழுத்து கேக்கறாங்க."

"ஒண்ணு செய்வியா? நாளைக்கு என்னை விசாரணைக்குக் கூப்பிட்டிருக்காங்க, அதை வார்டுலயே வைக்கச் சொல்லப் போறேன். மலைப்பாம்பை அப்படியே தயாரா வெச்சிரு. எதையும் மாத்தாதே" என்றேன்.

நிர்வாகி கடிகாரத்துக்கு வாக்கப்பட்டவர். ஒருவரிடம் பேசும்போது முகத்தை ஒரு தடவையும் மணிக்கட்டை மூன்று தடவையும் பார்ப்பார். வார்டில் விசாரணையா என்று முதலில் முறைத்தார். அங்கேயே முடித்துக் கையெழுத்தும் போட்டுத் தருவதாகச் சொன்னதும் வந்துவிட்டார். ஆள் ஸ்கேனுக்குப் போயிருந்ததால் காலியாக இருந்த பதினைந்தாம் கட்டிலுக்குப் பக்கத்தில் அவர் நின்றார், பொறியாளர் மடிக்கணினியோடு நின்றாள், நான் எதிரில்.

"ஒரு தடவை படுங்க சார்" என்றேன்.

"எதுக்கு?"

"மலைப்பாம்பு உங்களைத் தூக்கட்டும். அது என் முறையைத்தானே கத்துக்கிட்டிருக்கு? தூக்கும்போது நீங்க ஒரு துளி அசையாம இருந்தீங்கன்னா, கோளாறு என்னுதுதான். அந்த இடத்துலயே கையெழுத்துப் போடறேன்."

"விளையாட்டா இது?"

ஏழாம் கட்டிலிலிருந்து குரல் வந்தது. "படுங்க சார். மெத்தை நல்லாத்தான் இருக்கும். நான் ஏழு வருஷமா படுத்திருக்கேன், சலிக்கவே இல்ல."

வார்டில் சிரிக்க முடிந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நிர்வாகிக்கு வேறு வழியில்லாமல் போயிற்று. காலணியைக் கழற்றிவிட்டுப் படுத்தார்.

"கை கால் உங்களது இல்லைன்னு நெனச்சுக்கங்க சார். கூரையை மட்டும் பாருங்க."

ஒரு நிமிஷம் ஒன்றும் நடக்கவில்லை. அவர் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். இன்னும் அரை நிமிஷம் போயிற்று. "என்னம்மா இது, எனக்கு பத்தரைக்கு ஒரு மீட்டிங்..." என்று ஆரம்பித்தார்.

உஸ்ஸென்று காற்று ஏறியது. இரண்டு ரப்பர் கைகளும் முதுகுக்கும் தொடைக்கும் அடியில் புகுந்து அவரைத் தூக்கின. "ஐயோ அம்மா!" என்று அலறினார் மனுஷர். இரண்டு கையாலும் மலைப்பாம்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். கால் காற்றில் உதைத்தது. கண்ணாடி போய்க் கட்டிலுக்கடியில் விழுந்தது. அது அவரை நாற்காலியில் உட்கார வைத்த விதத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது, பூப்போல இறக்கியது.

"அசையக் கூடாதுன்னு சொன்னேனே சார். ஏன் அசைஞ்சீங்க?"

"சொல்லாம கொள்ளாம திடீர்னு தூக்கினா மனுஷன்..." என்றவர் பாதியில் வாயை மூடிக்கொண்டார்.

நான் குனிந்து கண்ணாடியை எடுத்துக் கொடுத்தேன். அந்த மூன்று பக்கத்தையும் சேர்த்துக் கொடுத்தேன். "இதுல நான் போட மாட்டேன் சார். நான் பத்தொம்போது வருஷமா சொல்லிட்டுத்தான் தூக்குறேன். அதை வெட்டி எறிஞ்சது நான் இல்ல."

"வெட்டினது நான் சார்" என்றாள் பொறியாளர். "அறிக்கையில என் பேரை எழுதிக்கங்க. ஒம்போது விநாடியைத் திருப்பி வெச்சுடறேன்."

நிர்வாகி தோற்றவர் மாதிரி பேசவில்லை, தோற்றவர்கள் பெரும்பாலும் அப்படிப் பேசுவதில்லை. காகிதத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். "ரெண்டு வாரம் பாக்கறேன். கேட்டுட்டே தூக்கட்டும். ஆனா பதினொரு மணிக்குள்ள இருபத்திரண்டு பேரும் குளிச்சு முடிச்சிருக்கணும். ஒரு நாள் தவறினாலும் அந்தக் கேள்வியும் போகும், கூடவே நீயும் போகலாம்" என்றார்.

ஆளுக்கு ஒன்பது விநாடி என்றால் இருபத்திரண்டு பேருக்கு மூன்றே கால் நிமிஷம். மூன்றே கால் நிமிஷத்தில் உலகம் மூழ்கிவிடுமா? சரி என்றேன்.

இரண்டு நாள் பொறியாளரின் அறையில் உட்கார்ந்து என் குரலைப் பதிவு செய்தோம்.

"அதட்டற மாதிரி இருக்குக்கா" என்றாள்.

"நான் அப்படித்தான் கேப்பேன். தேன் தடவிக் கேட்டா அவங்களுக்கு நான்னு தெரியாது."

'ம்' என்ற சத்தம், கண் சிமிட்டல், மூச்சு, ஒவ்வொன்றையும் இயந்திரத்தின் கேமராவுக்கும் காதுக்கும் பழக்கினோம். கடைசியில் அவள் ஒரு கேள்வி கேட்டாள்.

"யாராவது வேண்டாம்னு சொன்னா மெஷின் என்ன பண்ணணும்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. "யாரு சொல்லப் போறா?"

"ஏதாவது ஒண்ணு எழுதியாகணுமேக்கா."

"சொன்னா போயிட்டு அரை மணி கழிச்சு வரட்டும்" என்றேன். அதை யோசித்துக்கூடச் சொல்லவில்லை.

முதல் நாள். காலை ஒன்பது மணி. லாரிக்காரனின் வலது தோளில் இன்னும் கட்டு இருந்தது. மலைப்பாம்பு தண்டவாளத்தில் ஊர்ந்து ஏழாம் கட்டிலுக்கு மேலே வந்து, ஒரு கையின் நுனியால் அவனுடைய இடது தோளைத் தொட்டது. என் குரல் கேட்டது. "தூக்கட்டுமா?"

நான் பக்கத்திலேயே நின்றேன்.

லாரிக்காரன் கட்டிலின் உயர்த்திய தலைப்பக்கத்தில் சாய்ந்து முகத்தை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டிருந்தான். "வேண்டாம்" என்றான்.

மலைப்பாம்பு ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு கையைச் சுருட்டிக்கொண்டு மேலே போயிற்று. எட்டாம் கட்டிலுக்கு நகர்ந்தது.

எல்லோரும் அந்த ரப்பர் கை திரும்பிப் போவதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எட்டாம் கட்டிலில் ஒரு தையல்காரம்மா. மூன்று வருஷமாக இருக்கிறாள். "தூக்கட்டுமா?" என்றது. "எனக்கும் வேண்டாம்" என்றாள். அதற்கும் போயிற்று. அவ்வளவுதான், வார்டு கட்டவிழ்ந்துவிட்டது. ஒன்பது, பத்து, பதினொன்று, எல்லோரும் வேண்டாம் என்றார்கள். பதினொன்றாம் கட்டில்காரர் போன பாம்பைத் திரும்பக் கூப்பிட்டு, இன்னொரு தடவை கேட்கச் சொல்லி, இன்னொரு தடவை வேண்டாம் என்றார். பன்னிரண்டாம் கட்டில் அம்மா சிமிட்டினால்தானே சரி என்று அர்த்தம். அவள் கண்ணை அகலத் திறந்து சிமிட்டாமலே இருந்தாள். கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் போயிற்று. அப்போதும் சிமிட்டவில்லை. அவள் முகத்தில் இருந்தது சிரிப்பு என்று எனக்கு ஒரு நிமிஷம் கழித்துத்தான் தெரிந்தது.

மணி ஒன்பதே முக்கால். குளித்தவர்கள் மூன்று பேர். லாரிக்காரனிடம் ஓடினேன்.

"தம்பி, விளையாடாதேடா. நீ ஆரம்பிச்சது, பாரு, எல்லாரும் ஆடறாங்க. என் வேலை போயிடும்."

"தெரியும்கா. ஒரு பத்து நிமிஷம்."

"அப்படி என்னத்தடா பாக்கறே?"

"வண்டி."

ஜன்னலுக்குக் கீழே சலவைக்கூடத்தின் வாசல். நீண்ட லாரி ஒன்றைப் பின்பக்கமாக அந்தச் சந்துக்குள் நுழைக்கப் பார்த்துக்கொண்டிருந்தான் ஒருவன். பாதி நுழைந்து, இடித்துவிடும் போலிருந்ததால் மறுபடி முன்னால் எடுத்தான்.

"தினம் ஒம்போது மணிக்கு வரும்கா இது, இன்னிக்குத்தான் லேட்டு. துணிமூட்டை ஏத்த. ஏழு வருஷமா சத்தம் மட்டும்தான் கேட்டிருக்கேன். கியர் மாத்துறது, திணர்றது, திட்டுறது எல்லாம் கேக்கும். பாத்ததே இல்ல. ஒம்போதுக்குத்தானே என்னைக் குளிக்கத் தூக்குவீங்க."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா."

"சொன்னேன்கா." அவன் இன்னும் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தான். கோபமாகச் சொல்லவில்லை. "வந்த புதுசுல. தூக்கட்டுமான்னீங்க, இன்னிக்கு வேண்டாம்கான்னேன். வேண்டாம்னா விட்டுருவேனான்னு சிரிச்சுக்கிட்டே தூக்கிட்டீங்க. அப்புறம் எதுக்குச் சொல்லணும்?"

நினைவைக் கிளறிப் பார்த்தேன். எனக்கு அப்படி ஒரு நாளே ஞாபகத்தில் இல்லை. இவன் ஒருவன்தானா, இன்னும் எத்தனை பேர் வேண்டாம் என்று சொல்லி நான் சிரித்துக்கொண்டே தூக்கியிருப்பேன்? நான் கேட்டேன், நின்றேன், எல்லாம் உண்மைதான். ஆனால் நின்றது 'ம்' என்ற ஒரே பதிலுக்காகத்தான். வேறு பதில் வந்தால் என்ன செய்வது என்று பத்தொன்பது வருஷத்தில் நான் எண்ணிப் பார்த்ததில்லை. முந்தாநாள் பொறியாளர் கேட்டபோதுகூடச் சிரித்தேன். வெட்கமாக இருந்தது. விசாரணையில் நிமிர்ந்து நின்றவள் இந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் கூனிப்போனேன்.

நிர்வாகி வந்துவிட்டார். அவருக்குள் ஒரு கடிகாரம் இருக்கும்போது யாரும் போய்ச் சொல்ல வேண்டியதில்லை.

"என்ன நடக்குது இங்க? மூணு பேரா? மணி என்ன?" இடமும் வலமும் பார்த்தார். "மெஷினை நிறுத்து. நீயே தூக்கு. உன்னாலதான் முடியுமே, ஊர் பூரா சொல்லிக்கிட்டிருக்கியே. இந்த ஆள்கிட்ட இருந்து ஆரம்பி."

முடியும். இடுப்பு வலித்தாலும் இருபத்திரண்டு பேரையும் பதினொரு மணிக்குள் என்னால் தூக்கிவிட முடியும். அவர்கள் முனகுவார்கள், நான் அதட்டுவேன், எல்லாம் முடிந்துவிடும். என் வேலையும் நிலைக்கும். மலைப்பாம்பின் கேள்வியும் இரண்டு வாரம் பிழைத்துக்கொள்ளும்.

லாரிக்காரனின் இடது தோளில் கையை வைத்தேன்.

"தூக்கட்டுமா?"

அவன் முதல் தடவையாக ஜன்னலை விட்டுத் திரும்பி என்னைப் பார்த்தான். கீழே லாரியின் பின்சக்கரம் நடைபாதை விளிம்பில் ஏறி இறங்கியது. என் கை அவன் தோளிலேயே இருந்தது. நான் அவசரப்படுத்தவில்லை.

"வேண்டாம்கா" என்றான்.

கையை எடுத்தேன்.

"ஏன் நின்னுட்டே? தூக்கு" என்றார் நிர்வாகி.

"அவர் வேண்டாம்னு சொல்லிட்டார் சார்."

"நோயாளி வேண்டாம்னா விட்டுடறதா? அப்ப நீ எதுக்கு இங்க?"

"பத்தொம்போது வருஷமா விடல சார்" என்றேன். "இன்னிக்கு விடுறேன்."

அவர் இன்னும் ஏதோ சொன்னார், மாதக் கடைசி என்ற வார்த்தை காதில் விழுந்தது. நான் போய் ஜன்னலின் இரண்டு கதவையும் முழுசாகத் திறந்துவிட்டேன். லாரிக்காரன் கழுத்தை எக்கி, "இடது பக்கம் ஒடிடா டேய்! இடது பக்கம்!" என்று கீழே பார்த்துக் கத்தினான்.